அம்மா வண்டியின் பிளேட் விஷயம்

சிவகாசி,
வியாழக்கிழமை மதியம்.

அன்பு மகள் வினோலியாவுக்கு,

இன்று காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. பதறாதே, யாரும் சாகவில்லை, நம் வீட்டுக்கு இந்த வருடக் கோட்டா உன் அம்மாவோடு முடிந்துவிட்டது. நான் சுகம், அதாவது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சட்டையைத் தேய்த்துப் போடுகிறேன், என்னை அழவைக்க வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் இதே மாதிரி ஏதோ ஒரு சுகத்தில் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். செய்தி என்னவென்றால், பிரஸ்ஸில் நான் மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது வாட்ச்மேன் அழகுராஜா ஓடிவந்து, “நேசண்ணே, பிளேட்டுக்காகப் போலீஸ் புடிச்சிட்டாகளாம், ஒங்களக் கையோட வரச் சொல்லுதாக” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். பிரஸ்ஸில் பிளேட் என்றால் அச்சுக்குப் போடுகிற பிளேட்தானே. முதலாளி சீனிவாசகம் அறையை விட்டு வெளியே வந்தார், முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. “எந்தப் பிளேட்டுலே? அந்த ஒட்டகச்சிவிங்கியா? கழட்டுங்கலே, கழட்டிக் கக்கூசுக்குள்ள கொண்டு வைங்கலே” என்று அலறினார். அடுத்தவன் பட்டாசுக் கம்பெனியின் ஒட்டகச்சிவிங்கி லேபிளை மனிதர் சத்தமில்லாமல் அடித்து விற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரியும். இது அந்தப் பிளேட் இல்லை, உன் அம்மா பைக்கின் நம்பர் பிளேட் என்று அழகுராஜா மூச்சு வாங்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஒட்டகச்சிவிங்கி தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது.

போன வாரம் பைக்கை விற்றது உனக்குத் தெரியும், ஏன் விற்றேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேட்டரி இறங்கக் கூடாதென்று அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் உன் அம்மா டூட்டி முடிந்து வருகிறாள் என்று பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா அடுப்பிலிருக்கிற கருவாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். பிரஷரை வைத்துக்கொண்டு உப்புத் தின்கிறாயா என்று நர்ஸம்மா தெரு கேட்க ஏசுவாள் என்ற பயம், இத்தனை வருடப் பழக்கம். சட்டியை ஒளித்துவைத்த பிறகுதான் ஏசுவதற்கு ஆள் இல்லை என்று ஞாபகம் வரும், சட்டியும் கையுமாக உட்கார்ந்து அழுவாள். எனக்கு அழுகை வரவில்லை, கருவாட்டு வாடைதான் வந்தது. அதனால் விற்றேன். வாங்கியவன் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற அருள்பாண்டி. அந்த ஊரில் பாதிப் பேரின் பின்பக்கம் உன் அம்மாவுக்கு அத்துப்படி, இவனும் அவளிடம் ஊசி குத்து வாங்கியவன்தான். வண்டி நம்பர் 4618ஐக் கூட்டிப் பார்த்து, “அண்ணே, கடைசில ஒண்ணு வருது, இம்புட்டு ராசியான நம்பரு ஆருக்குக் கிடைக்கும்” என்று குதித்தான்.

பெயர் மாற்றமெல்லாம் ஒழுங்காகச் செய்தேன், அம்மா பெயரிலிருந்து என் பெயருக்கு, என் பெயரிலிருந்து அவன் பெயருக்கு. கோட்டை விட்டது ஒரே இடத்தில். உங்கள் ஊரில் வண்டியை விற்றால் பிளேட்டைக் கழற்றிக்கொள்வார்கள் என்று நீ சொன்னாய், “வண்டி எங்கனயும் போகட்டும்ப்பா, அம்மா நம்பர் மட்டும் நம்ம வீட்ல இருக்கட்டும்” என்றாய். இங்கே எண் வண்டிக்குத்தான் சொந்தம், வண்டியை உடைத்து இரும்புக்குப் போடுகிறவரை அது வண்டியை விட்டு இறங்காது என்று டிப்ளமோ படித்த எனக்குத் தெரியாதா என்ன. தெரியும். ஆனால் அம்மாவை அடக்கம் செய்ததை போனில் பார்த்த பிள்ளை நீ, ஒரு தகரத்துண்டுதானே கேட்கிறாய் என்று நினைத்தேன். அது திருகாணி போட்டு மாட்டுகிற பிளேட் இல்லை, ஒருமுறை அடித்தால் கழற்ற வராத லாக். டிரில்லைப் போட்டு லாக்கை உடைத்து முன்னாலும் பின்னாலும் கழற்றி, பெரியதைக் கூடத்தில் சபையில் கொடுத்த வருட வாக்குத்தத்த வசன அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் ஐயா அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நாப்பத்தாறாம் அதிகாரம் பதினெட்டாம் வசனமா தம்பி, எந்த ஆகமம்னு போடலியே” என்று கேட்டார். எந்த ஆகமத்திலும் இல்லை ஐயா, ஆர்டிஓ கொடுத்தது என்றேன். அதற்கும் ஆமென் என்றார்.

ஸ்டேஷனுக்குப் போனால் அருள்பாண்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பிளேட் இல்லாத பைக், அதில் ஒரு சாக்குமூட்டை, அதுவும் பட்டாசு சீசனில், திருட்டுத்தனமாக வெடிமருந்து கடத்துகிறான் என்று மறித்திருக்கிறார்கள். மூட்டையில் இருந்தது மாமியாருக்கு விருதுநகரில் வாங்கிய மிளகாய் வத்தல். இன்ஸ்பெக்டர் மருந்தா என்று மோந்து பார்த்து, நான் போய்ச் சேர்ந்த பிறகும் தும்மிக்கொண்டிருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. “பொண்ணக் கட்டிக் குடுத்துட்டுக் தலையக் கழட்டி வீட்ல வச்சுக்கிட்ட மாதிரில்ல இருக்கு, படிச்ச ஆளாய்யா நீரு?” என்றார். ஜெர்மனியில் அப்படித்தான் சார் வழக்கம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “செர்மனில போயி வத்தல் வாங்கச் சொல்லும் அவன, இது செவகாசி” என்று இன்னும் இரண்டு தும்மல். சாயங்காலம் ஆறு மணிக்குள் பிளேட் வண்டியில் இருந்தால் விட்டுவிடுவதாகவும், இல்லையென்றால் வண்டி கோர்ட்டுக்குப் போகும் என்றும் சொல்லியிருக்கிறார். கோர்ட்டுக்குப் போனால் சீசன் முடிகிறவரை அருள்பாண்டி வேலைக்கு நடந்துதான் போக வேண்டும்.

அவன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை வினோ, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிளேட் வேண்டும் என்று அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்று நான்தான் அவன்மேல் பாய்ந்தேன். “கேக்கத்தான்ணே வாயத் தொறந்தேன். நீங்க அத நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுட்டு நின்னீக. அக்கா நம்பர எப்படிண்ணே கேக்கது?” என்றான். நான் அப்படியா நின்றேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவனுக்கு ராசி என்று வாங்கிய நம்பர் இல்லாமல், பின்பக்கம் மொட்டையாக ஒரு வாரம் சந்து சந்தாகப் புகுந்து வேலைக்குப் போயிருக்கிறான், என் முகத்துக்காக.

பிரஸ்ஸுக்குத் திரும்பினால் முதலாளி தெளிவாகிவிட்டார். “ஏலே நேசம், இதுக்கு ஏம்லே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? அச்சு அசலா இன்னொண்ணு நம்மளே அடிச்சுக் குடுத்துருவோம், அசல மகளுக்கு வையி” என்றார். ஒட்டகச்சிவிங்கி ஈரம் சொட்டச் சொட்ட அவர் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு, கள்ளப் பிளேட் என்று மாட்டிக்கொண்டால் உள்ளே போகிறவன் அருள்பாண்டி, அவனைப் பார்க்கப் போகும்போது என்ன முகத்தோடு போவேன் என்று தோன்றியது. வேண்டாம் முதலாளி என்றேன். “பொழைக்கத் தெரியாத பய” என்று அவரே லீவும் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து இரண்டு பிளேட்டையும் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். ஷோரூமில் கேட்டாயிற்று, பழைய பிளேட்டைக் கொண்டுவந்தால் ஸ்டேஷனுக்கே ஆளை அனுப்பிப் புது லாக் அடித்துத் தருகிறார்களாம்.

நீ கேட்ட ஒன்றே ஒன்றையும் உனக்கு வைத்துக் கொடுக்க முடியவில்லை. இதை போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இன்றே கூரியரில் போடுகிறேன். அருள்பாண்டி, “பாப்பா லீவுல வந்தா இருக்கன்குடி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டட்டும்ணே, சாவி அதுக்கு இல்லாமயா” என்கிறான். பிளேட் இருக்கிற வண்டியைத்தான் ஓட்ட முடியும், அதையும் யோசி. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஊர்ச் சட்டத்தை மட்டும் இனிமேல் ஊர்விட்டு ஊர் ஏற்றுமதி செய்யாதே.

மற்றபடி செல்லக்கனி அக்கா எனக்குச் சாத்தூரில் ஒரு பெண் இருப்பதாக ஆரம்பித்திருக்கிறாள், நாற்பத்திரண்டு ஒரு வயதா என்கிறாள். முதலில் நீங்கள் கருவாட்டை விடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் மாத்திரைகளைக் கவனித்துக் கொடு, ராத்திரி டூட்டி முடிந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, மொழிப் பரீட்சைக்கு மறக்காமல் பணம் கட்டு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வார், பார்க்காவிட்டால் எனக்கு எழுது, பாஸ்டர் ஐயாவிடம் புகார் கொடுக்கிறேன்.

இது நீ கூப்பிடுகிற நேரம். எடுத்தால் விஷயம் வாயிலிருந்து விழுந்துவிடும், நீ ஒரு விம்மல் விம்மினாலும் பிளேட்டைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு அந்தப் பையனைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவேன், உன் அப்பாவின் நெஞ்சழுத்தம் அவ்வளவுதான். ஆறு மணி வரைக்கும் போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
நேசகுமார்