பதினோராவது வரி

என் பிழைத் திலகமே,

உங்கள் கவர் இன்று அச்சகத்துக்கே வந்து சேர்ந்தது. பிரிக்கவே பயமாக இருந்தது. போன மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தில் இருபத்திரண்டு பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பியவள் நான்தானே. கடைசியில் 'உன்னை பார்க்க வேண்டும்' என்று எழுதி, நடுவில் வர வேண்டிய 'ப்'பை விழுங்கியிருந்தீர்கள். 'பத்துத் தடவை எழுதவும்' என்று ஓரத்தில் வேறு எழுதித் தொலைத்தேன். நாள் முழுக்கப் புரூஃப் திருத்துகிறவளுக்குக் கை சும்மா இருக்குமா?

அதன் பிறகு மூன்று வாரம் உங்களிடமிருந்து மூச்சே இல்லை. போனையும் எடுக்கவில்லை.

"புருஷன் ஆசையா எழுதினதப் போய் யாராவது திருத்துவாங்களாம்மா?" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்புன்னா தப்புதான் சார்" என்றேன் வீராப்பாக. பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்று பிரித்துப் பார்த்தால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கோடு போட்டு, 'உன்னைப் பார்க்க வேண்டும்' என்று பத்து வரி! ஒரு 'ப்' கூடத் தப்பவில்லை. பதினோராவது வரியில் மட்டும் பழைய பிழை. அதன் கீழே, 'இதுக்கும் பத்து தடவை உண்டா?'

நான் சிரித்த சிரிப்பில் மிஷினையே நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா, பிழை இருக்கா?" என்றார் மேனேஜர்.

"இருக்கு சார். திருத்த மாட்டேன்."

லீவு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்களை பார்க்க வேண்டும்.

ஆமாம், தெரிந்தேதான் விட்டேன். நேரில் வந்து திருத்துங்கள்.

உங்கள்
சிவப்புப் பேனா