கப்பல் நேரமும் கரை நேரமும்

ஓசூர்
18.2.2025

அன்பு மகன் தினேஷ்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். கனடாவில், அந்தக் கால்கரிப் பனியில் நீயும் மருமகள் கவிப்ரியாவும் சளி, காய்ச்சல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே ஐயோ அம்மா என்று கத்துவாய், கவிப்ரியா போனை வாங்கி உன்னைச் சமாதானம் செய்வாள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். கப்பல் பயணத்தில் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்து நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், அதனால் பயப்படாமல் படி.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்கித் திரும்புகிற அந்தக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்ததோடு விடாமல், இரண்டு ஊரிலும் கரையில் சுற்றிப் பார்க்க டூரும் நீயே புக் செய்து வைத்திருந்தாய். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது இரண்டும் ரத்து என்று உனக்கு மெயில் வந்தது. பதறிப்போய்ப் போன் செய்தாய். கப்பல் கம்பெனி ஆப்பில் ஏதோ கோளாறு கண்ணு, நான் பார்த்துக்கிறேன் என்றேன். கோளாறு ஒன்றும் இல்லை. நான்தான் ரத்து செய்தேன். நீ ஆசையாகத்தான் எடுத்திருந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே பெரிய பஸ், நாற்பது பேர், ஆறு மணி நேரம், ஐந்தாறு இடத்தில் ஏறி இறங்க வேண்டும். உன் அப்பாவுக்கு வாதம் வந்து வலது காலும் நாக்கும் தடுமாற ஆரம்பித்த பிறகு நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. போன வருடம் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் ஒகேனக்கல்லுக்குப் பஸ் வைத்தார்கள், நாங்களும் போனோம். ஒவ்வொரு இடத்திலும் இவர் இறங்கி முடிக்கும்வரை பஸ்ஸே காத்திருந்தது. மூன்றாவது இடத்தில் யாரோ பின்சீட்டிலிருந்து, பாவம், அவர வண்டியிலயே உக்கார வச்சிடுங்கம்மா, நாம போயிட்டு வந்துடலாம் என்றார்கள். கெட்ட மனசில் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து நூற்றுக்கணக்கான பேரை நேரத்துக்கு லைனில் நிறுத்திய மனிதர், அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்தச் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். தெருமுனை டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. கப்பலுக்கு ஒத்துக்கொண்டதே நீ எடுத்துவிட்டாய் என்பதற்காகத்தான். அங்கேயும் அதே பஸ்ஸில் அவரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

பாகலூர் ரோட்டு ரோஜாப் பண்ணையில் பதினெட்டு வருடம் பூவைத் தரம் பிரித்து ஏர்போர்ட் வண்டிக்கு அனுப்பியவள் நான். பெட்டிமேல் இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்காமல் எதையும் ஏற்றியதில்லை. அதே மாதிரி ஆப்பில் இருந்த டூர் ஒவ்வொன்றையும் திறந்து, புரியாத இடத்தைப் போன்மேலேயே தமிழாக்கிப் படித்தேன். நடக்கிற ஆள் படம் ஒன்று போட்டிருந்தால் சுலபம், மூன்று போட்டிருந்தால் கஷ்டம் என்று புரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆனது. நீ எடுத்ததில் மூன்று ஆள் இருந்தது, கீழே நூற்றைம்பது படி என்றும் எழுதியிருந்தது, நீ அதைப் பார்க்கவில்லை. பினாங்குக்குச் சின்ன வேனில் பன்னிரண்டு பேர் மட்டும் போகிற டூர் ஒன்று கிடைத்தது, ஒரே இடம், மலை ரயிலில் ஏறி மேலே உட்கார்ந்து ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அதை எடுத்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் போனது, அந்தப் படங்களை எல்லாம் நீ பார்த்தாய். புக்கெட்டுக்குத்தான் எதுவும் சரியாக அமையவில்லை. எல்லாம் பெரிய பஸ், இல்லாவிட்டால் கடலில் குதிக்கிற சமாச்சாரம். கப்பலிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் பெங்களூரிலிருந்து வந்த குருமூர்த்தி என்பவரும் அவர் மனைவியும் பழக்கமானார்கள். பேங்கில் வேலை பார்த்தவராம், கன்னடக்காரர்கள், கலகலப்பான மனிதர்கள். புக்கெட்டில் அவர்கள் கப்பலின் டூர் வேண்டாம் என்று வெளியே ஒரு வேனைப் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு சீட் காலி, நீங்களும் வாருங்கள் என்றார்கள். நான் உடனே தலையாட்டவில்லை. எத்தனை படி ஏற வேண்டும், பாத்ரூம் எங்கே இருக்கிறது, திரும்ப எத்தனை மணிக்கு வருவோம் என்று மூன்று கேள்வி கேட்டேன். கப்பல் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்கும், வெளி வண்டியில் போனால் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நின்றுகொண்டு சின்னப் படகில்தான் ஆட்களை அனுப்புவார்கள். கடைசிப் படகு நாலரை மணிக்கு. நாலு மணிக்கே வந்துவிடலாம் என்று அவர் சொன்னதும் சரி என்றேன். நாலாவதாக ஒரு கேள்வி இருந்தது, அது எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு வேன் வசதியாகவே இருந்தது. இறங்கிய இடத்திலெல்லாம் நிழலில் உட்கார்ந்து பார்த்தோம், யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மத்தியானம் புக்கெட்டின் பழைய ஊர்த் தெருவில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போனில் மணி இரண்டு முப்பத்தைந்து. குருமூர்த்தி இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, ஒரு கடற்கரை பார்த்துவிட்டே போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் அப்பா என் போனை இழுத்துப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் மூன்று முப்பத்தைந்து. மாதேசு, போன் தப்பு, கெளம்பு என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பவில்லை கண்ணு, அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னாங்க, வாட்ச்சுல ஏதோ கோளாறா இருக்கும், எல்லார் போன்லயும் ஒரே நேரந்தானே காட்டுது என்றேன். குருமூர்த்தியும் போன் நேரம் தப்பாகாது என்று சிரித்தார். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தினமும் அறைக்கதவில் செருகி வைப்பார்களே, அந்தக் கப்பல் தாள். கம்பெனி நோட்டீஸ் போர்டு மாதிரி அதை மட்டும் தவறாமல் படித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வரியில் விரலை வைத்துக் குருமூர்த்தி மனைவி பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா இங்கிலீஷில் படித்தார், படிக்கும்போதே முகம் மாறிவிட்டது. கரையில் தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால் இருக்கும், உங்கள் போன் தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரத்தை நாங்கள் மாற்ற மாட்டோம், எல்லா அறிவிப்பும் கப்பல் நேரப்படிதான் என்று எழுதியிருந்தது. அவர் வாட்ச்தான் கப்பல் நேரம், கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. எந்தக் கடிகாரத்தில் நாலு மணி என்பதுதான் நான் கேட்காமல் விட்ட நாலாவது கேள்வி. எங்கள் பாஸ்போர்ட்டும் அவருடைய மாத்திரைகளும் கப்பலில் இருந்தன.

குருமூர்த்தி டிரைவருக்குப் போன் போட நம்பரைத் தேடிக்கொண்டே நின்றார். அப்போது உன் அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தக் கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஹொரடி சார், டைம் ஆய்து என்று, கிளம்புங்கள், நேரமாகிவிட்டது என்று, கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டார். நாக்கு குழறத்தான் செய்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. டிரைவர் எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்திருந்ததை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார், என்னை அங்கே அனுப்பினார், குருமூர்த்தியைப் பில் கட்டச் சொன்னார், அந்த அம்மாவைப் பைகளை எடுக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் வேன் கிளம்பிவிட்டது. வழியில் மலைப்பாதை, வண்டிகள் எறும்பு மாதிரி நகர்ந்தன. நான் எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்குத் தன் வாட்ச்சைக் காட்டி விரலால் நிமிடத்தை எண்ணிக் காட்டிக்கொண்டே வந்தார். அந்த டிரைவர் எந்தப் பாஷையும் இல்லாமல் அவருக்குத் தலையாட்டினார்.

கடற்கரையில் இறங்கும்போது அவர் வாட்ச்சில் நாலு இருபது. படகுத் துறை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நல்ல நடை தூரம். இப்போது உண்மையாகவே அவர் காலால்தான் கப்பலைத் தவறவிடப் போகிறோம் என்று நினைத்தேன். குருமூர்த்தி நான் ஓடிப்போய்ப் படகை நிறுத்துகிறேன் என்று முன்னால் ஓடினார். அறுபத்தைந்து வயதில் அவர் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் மனைவி எங்களோடேயே நடந்தார், அவசரப்படுத்தவில்லை, பாவம் என்ற சொல்லும் அவர் வாயில் வரவில்லை. உன் அப்பா என் தோளைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்தார். படகில் இருந்த பையன்கள் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாட்ச்சைப் பார்த்து, ரெண்டு நிமிசம் பாக்கி இருக்குது, இன்னாத்துக்கு அழுவுற என்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது தினேஷ். ராத்திரிச் சாப்பாட்டில் குருமூர்த்தி பக்கத்து மேஜைக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார், இவரும் நடுநடுவே திருத்திக்கொண்டிருந்தார்.

இங்கே மற்றபடி எல்லாம் சௌக்கியம். தேன்கனிக்கோட்டையில் உன் சித்தப்பா முனிசாமியின் ராகிக் காட்டில் மறுபடி யானை இறங்கிவிட்டது, பாதிக்குமேல் போய்விட்டதாம், நீ ஒரு போன் போட்டுப் பேசு, அவனுக்கு ஆறுதலாக இருக்கும். அதைக் கேட்டதும் போன வியாழக்கிழமை உன் அப்பா தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சட்டை போட்டார். நானும் வருகிறேன் என்றேன், வேணாம் என்றார். பஸ் ஸ்டாண்டுவரை ஆட்டோவில் போய், தனியாக பஸ் ஏறி, தனியாகப் போய்ச் சேர்ந்து, பதினொன்றே காலுக்கு அங்கிருந்து போன் செய்தார். சாயங்காலம் முனிசாமியோடு வருவார் என்று நினைத்தேன், தனியாகவே வந்தார். கண்டக்டர் கைபிடித்து இறக்கிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு, நீ எடுத்துக் கொடுக்காவிட்டால் இதெல்லாம் ஏது. வேளாவேளைக்குச் சாப்பிடு, காது மறைக்கிற குல்லா போடாமல் வெளியே போகாதே, கவிப்ரியாவிடம் அவள் கேட்ட ராகி மாவு அடுத்த பார்சலில் வருகிறது என்று சொல். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை டிக்கெட் வேண்டுமானால் நீ எடு, எங்கே இறங்குவது, எப்போது ஏறுவது என்பதை நானும் உன் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா,
கி. மாதேஸ்வரி