பைன் மரம் இல்லாத கொக்கு

மார்ச் 4

பீங்கான் பட்டறையில் இன்று கல்யாணத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி வாத்து. கை வரைகிறது, மனசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் ஜியாங்லினுக்குக் கணையத்தில் புற்று, ஆறு மாதமே அதிகமாம். டாக்டர் என்னையும் நாத்தனார் ஹுயிஜென்னையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"அவன்கிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா நாளைக்கே படுத்துடுவான்" என்றாள் நாத்தனார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். என் அப்பாவுக்கும் இதையேதான் செய்தோம். இவரிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டோம்.

மார்ச் 19

"புண்ணுக்கா இவ்வளவு ஊசி?" என்று கேட்டார். போர்வையைச் சரி செய்தேன்.

ஏப்ரல் 2

இன்று அவருக்கு நாற்பத்தேழு. நாத்தனார் பீச் பழம் போலப் பிடித்து அவித்த பலகாரம் கொண்டுவந்தாள். பைன் மரத்தடியில் கொக்கு நிற்கும் தேநீர்க் குடுவை. கல் ஆமை வேறு. ஐயோ, எல்லாம் நீண்ட ஆயுசுக்கு வாழ்த்து! இருபத்தைந்து வருஷமாகப் பீங்கானில் இதையே வரைகிறவரிடமா கொண்டுவந்து நீட்டுவது?

"என்னக்கா, எனக்கு எண்பதா ஆயிடுச்சு? இதெல்லாம் கிழவனுக்குல்ல குடுப்பாங்க?"

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிறைந்திருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனேன்.

ஏப்ரல் 3

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். மறைந்ததா?

ஏப்ரல் 14

சுடாத தட்டு ஒன்றும் நீல மையும் கேட்டார். தொட்டால் உடையும் தட்டு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

ஏப்ரல் 18

நாலு நாளில் ஒரு கொக்கு வரைந்திருக்கிறார். விழுகிற சூரியனைப் பார்த்துப் பறக்கிறது. கோடு நடுங்கினாலும் கொக்கின் கழுத்து அவர் போடும் கழுத்துதான், வேறு யாருக்கும் வராது. பாதித் தட்டு வெறுமை. "கை வலிக்குது. மிச்சத்தை நீ போட்டு, சுட்டு எடுத்துட்டு வா."

மிச்சம் என்றால்? பைன் போட்டால் நூறு வயசு வாழ்த்து. போடாவிட்டால்... மேற்கே போகும் ஒற்றைக் கொக்கைத் துக்க வீட்டுச் சாமானில்தான் போடுவோம். தெரிந்துதான் கேட்கிறாரா? நான் என்ன பண்ணுவேன்? நாத்தனாரிடம் கேட்க முடியாது. யாரிடமும் முடியாது.

ஏப்ரல் 21

மூன்று முறை தூரிகையைத் தொட்டேன். பைன் மரம் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இன்று வரவில்லை.

ஏப்ரல் 22

மரம் போடாமல் அப்படியே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்துச் சூளைக்கு அனுப்பிவிட்டேன். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 27

மதியம் தட்டைக் கொடுத்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மரம் எங்கேடி? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"அவளைத் திட்டாதேக்கா. சரியாத்தான் போட்டிருக்கா" என்றார். நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். வெறுமையான பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை நாள் இதை மனசுல வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கினே நீ?"

"தூங்கலை."

கஷ்டப்பட்டு நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டார். நர்ஸ் வந்து எழுப்பும்வரை தூங்கியிருக்கிறேன்.