மார்ச் 31-க்குள் ஒரு கையெழுத்து

புலிலேகா, லம்பாசா
11 மார்ச் 2007, ஞாயிறு

நேஹாவின் அப்பாவுக்கு,

உர்மிளா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் நேஹாவும் உங்கள் அம்மாவும் இங்கே சுகம். நீங்களும் ஆக்லாந்தில் சுகமாக இருப்பதாகச் சரோஜ் அக்காவின் மகன் சொன்னான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

இமெயில் நான்கு போட்டேன், பதில் இல்லை. போன் செய்தால், எடுத்தவர்கள் நீங்கள் குளிப்பதாகச் சொன்னார்கள். மூன்று தடவையும் குளியல்தான். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். டிசம்பரில் நம் தீவுகளில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் சரோஜ் அக்கா வீட்டை விற்றுவிட்டார். வியாழக்கிழமை குடும்பத்தோடு அங்கே வருகிறார், இதை உங்கள் கையிலேயே கொடுப்பார். நம் ஊர்ச் சங்கத்தார் நடத்திய பள்ளியில் நாம் சேர்ந்து படித்த தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் இருக்கும் அந்த வீட்டில் உங்களைத் தவிர யாரும் இதைப் படிக்க முடியாது. இங்கிலீஷில் எழுதினால் எனக்குக் கோபமும் சரியாக வராது.

விஷயம் நம் வெப்சைட். தளத்துக்கு இடம் கொடுத்த அமெரிக்கக் கம்பெனிக்கு இந்த வருட வாடகை போகவில்லை. உங்கள் கார்டிலிருந்து எடுக்க முடியவில்லையாம். மார்ச் 31 வரை பார்ப்பார்கள், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். கார்டு காலாவதி ஆனதா, நீங்களே நிறுத்தினீர்களா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்தில் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு நம் தெருவிலிருந்து முதல் கூட்டம் வெளிநாட்டுக்குக் கிளம்பியது உங்களுக்கு மறந்திருக்காது. பின்னால் விட்டுப்போன அப்பா அம்மாவுக்கு அரிசி, கேஸ், மருந்து எல்லாம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று போகிறவர்கள் எல்லோரும் அழுதார்கள். நீங்கள்தான் நோட்பேடில் ஒவ்வொரு வரியாக அடித்து இந்தத் தளத்தைக் கட்டினீர்கள். பிள்ளைகள் அங்கிருந்து ஆர்டர் போடுவார்கள், நாம் சாமானைக் கொடுத்து, வாங்கியவர் பையோடு நிற்பதைப் போட்டோ எடுத்துப் போடுவோம். இப்போது முப்பத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. நேற்று ப்ரேமிலா அம்மாள் போட்டோவுக்காக நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவர் மகள் வான்கூவரில் இருக்கிறாள். பையில் இருந்தது வெறும் மாவும் ரத்த அழுத்த மாத்திரையும்தான். நம் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்த பிறகு இந்த வீட்டில் அடுப்பு எரிவதும் இதை வைத்துத்தான்.

நான் சும்மா இருந்துவிட்டு உங்களிடம் வரவில்லை. தலைநகரில், சுவாவில் ஒரு கம்பெனியைக் கேட்டேன். அவர்கள் சொன்ன வாடகைக்கு நான் லம்பாசா பஜாரில் கடையே எடுத்துவிடலாம். இலவசமாக இடம் கொடுக்கும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். உங்கள் அம்மாவின் தலைக்கு மேல் சூதாட்ட விளம்பரம் மின்னியது, ஒரு பெண் குதித்துக் குதித்துக் கூப்பிட்டாள். பாதிப் போட்டோக்களோடு அந்த இடமும் நிறைந்துவிட்டது. வெளிநாட்டில் மலிவாகக் கொடுக்கிறவர்கள் கிரெடிட் கார்டு கேட்கிறார்கள். கார்டுக்காகப் பேங்க்குக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்டார்கள், இல்லையென்றால் புருஷனைக் கூட்டி வா என்றார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் சுவாவுக்குப் பக்கத்தில் நகாசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷிவ்நேஷ் என்பவர் கிடைத்தார். தளங்களுக்காகத் தான் வாடகைக்கு எடுத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் ஒதுக்கித் தருகிறேன், மாதா மாதம் முடிந்ததைக் கொடுங்கள், கையால் எழுதிய தளம் என்பதால் அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள்தான் அவர் கேட்டார், தளத்தின் பெயர் யார் கணக்கில் இருக்கிறது என்று. பெயர் உங்கள் கணக்கில், அதே கம்பெனியில் இருக்கிறது. அவர்கள் விடுவிக்காமல் பெயர் நகராது. வேறு பெயர் வாங்கு என்று நீங்கள் சொல்லலாம். ஏழு வருடமாக நாம் அச்சடித்த காலண்டரில் இந்தப் பெயர்தான் இருக்கிறது, சிட்னியிலும் சாக்ரமெண்டோவிலும் சமையலறைச் சுவரில் அதுதான் தொங்குகிறது. எல்லோருடைய இமெயில் விலாசமும் அந்தக் கணக்குக்குள்தான் பூட்டிக் கிடக்கிறது. என்னிடம் இருப்பது போட்டோ ஏற்றவும் பதிவைப் பார்க்கவும் உள்ள பாஸ்வேர்டு மட்டும்தான். ஒரு நாள் தளம் திறக்கவில்லை என்றால், நாமும் கிளம்பிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கம்பெனிக்கே போன் போட்டேன். நான் அவருடைய மனைவி என்று சொன்னேன். அப்படியானால் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். நம் ஆட்களுக்கு அப்படித்தான், அவர் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. கல்யாணச் சர்டிபிகேட்டை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதுவும் போதாதாம், கணக்குக்காரரே சொல்ல வேண்டுமாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் சோதனைக்காக உங்கள் அம்மாவின் பெயரில் ஒரு பக்கம் போட்டீர்களே, அதை நான் எடுக்கவில்லை, சனிக்கிழமைதோறும் அதில் அம்மாவின் புது போட்டோவைப் போடுகிறேன். அதற்கு வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லை. அதன் விலாசம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். யார் பார்த்தார்கள் என்ற பதிவைப் போன மாதம் தற்செயலாகத் திறந்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நியூசிலாந்திலிருந்து யாரோ அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள். போன ஞாயிறு பதினோரு தடவை திறந்திருக்கிறார்கள்.

பதிவை முதலில் பார்த்த அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன். பிறகு காமிராவை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அம்மா பக்கத்தில் நேஹாவையும் நிறுத்துகிறேன். வளர்ந்துவிட்டாள், பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு இடது கண் தெரியவில்லை, போட்டோவில் அது தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தலை வாரிக்கொண்டு, பையன் பார்ப்பானா என்று கேட்கிறார். பார்ப்பார் என்று சொல்கிறேன். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். முப்பத்தொன்றுக்குப் பிறகு சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நீங்கள் திரும்பி வாருங்கள் என்றோ எங்களை அழைத்துக்கொள்ளுங்கள் என்றோ இதில் எழுதவில்லை. பணமும் வேண்டாம். கம்பெனி அனுப்பிய படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், பேக்ஸ் நம்பர் கீழே இருக்கிறது. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை, உர்மிளா என் மனைவி, தளத்தை அவளிடம் கொடுக்கவும் என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முதலில், கொடுக்கவும் என்று மட்டும் எழுதினால் போதுமா என்று நானே அவர்களைக் கேட்டுப் பார்த்தேன். போதாதாம். யார் என்று சொல்ல வேண்டுமாம்.

குளிர் ஆரம்பிக்கப் போகிறது, மார்புச் சளிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கோயில் நாகம்மா உங்களைக் காப்பாற்றட்டும். அந்த ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை, கம்பெனிக்காரர்கள்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காவது எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உர்மிளா