டெல்மருக்கு இருபது தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மொன்டானா
14 ஏப்ரல் 1996

அன்புள்ள டெல்மர்,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டை வந்து நாலு மாதமாகிறது. அதில் உன் பெயரைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பதில் எழுத உட்காருவேன், பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். இன்று எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

ஒன்றரை வருடமாக நீ கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன். துப்பாக்கியில் கோளாறு இல்லை. நான் நிரப்பிக் கொடுத்த தோட்டாவில்தான். அன்று உன்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும், அந்தப் பெட்டியில் மீதியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அவற்றில் இன்னும் ஆறில் கைத்துப்பாக்கிக்கான வெடிமருந்து இருந்தது. அது வேகமாக எரியும் மருந்து. உன் நீளத் துப்பாக்கியில் போட்டால் வெடிகுண்டுதான்.

மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரு டப்பா மருந்துதான் இருக்க வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த விதி இது. நிரப்பிய அன்று என் மேசைமேல் இரண்டு டப்பா இருந்திருக்கிறது. எப்படி வந்தது, ஏன் வைத்தேன், எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. குடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அந்த மத்தியானம் மட்டும் என் தலைக்குள் வெள்ளையாக இருக்கிறது.

நிலவறையில் தோட்டா நிரப்பும் மேசையைப் படுக்கை விரிப்பால் மூடிவிட்டேன். முப்பத்தைந்து வருடப் பொழுதுபோக்கு, போகட்டும். உன் வலது கண்ணைவிட அது பெரிதில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

உன்
ஆரின்


கூஸ் பே, ஆரிகன்
2 மே 1996

அன்புள்ள ஆரின்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தேன். என் மகள் ஐரிஸ், "அப்பா, அது ஒண்ணும் உங்களைக் கடிச்சிடாது, பிரிங்க" என்றாள்.

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு கண்ணில் ஒரு சௌகரியம் உண்டு, ஐரிஸ் சமைப்பதில் பாதிதான் தெரிகிறது. கோப்பையில் காபி ஊற்றும்போதுதான் குறி தவறி மேசை நனைந்துவிடுகிறது. இங்கே எப்போது பார்த்தாலும் மழை. உன்னைப் போன்ற பனி தள்ளும் வண்டிக்காரனுக்கு இந்த ஊரில் வேலையே கிடைக்காது.

உண்மையைச் சொல்கிறேன். உன்மேல் ஒரு வருடம் கோபமாகத்தான் இருந்தேன். கண்ணுக்காக இல்லை. கட்டுப் போட்டுப் பதினோரு நாள் இருட்டில் கிடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் நீதான் என்று நினைத்தேன். நீ வரவே இல்லை. அதற்காகத்தான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டு வந்தேன்.

போன மாதம் உன் மகள் மர்லா ஐரிஸிடம் போனில் சொல்லியிருக்கிறாள், அந்தப் பதினோரு நாளும் நீ ஆஸ்பத்திரி வாசலில் உன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாய் என்று. முட்டாளே, பத்தடி நடந்து உள்ளே வந்திருக்கக்கூடாதா?

போகட்டும். தப்பு யாருக்கும் நடக்கும். மன்னிக்க என்னிடம் எதுவும் பாக்கியில்லை. அடிக்கடி எழுது. ஊர்க்கதை எழுது.

அன்புடன்
டெல்மர்


லூயிஸ்டவுன்
20 செப்டம்பர் 1996

அன்புள்ள டெல்மர்,

உன் கடிதத்தை மடித்து சட்டைப்பையிலேயே வைத்திருந்து, சட்டையோடு துவைத்தும் விட்டேன். அதனால் உன் முகவரிக்காக மர்லாவிடம் கேட்க வேண்டியதாயிற்று, அதுதான் இந்தத் தாமதம்.

ஊர்க்கதை கேட்டாயே. வாசல் படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஸ்கங்க் குடும்பம் குடிவந்திருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை. சுடவும் மனசில்லை, குட்டி போட்டிருக்கிறது.

மர்லா என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிராஸ் ரேஞ்சுக்குப் போகிற சாலையில் கொஞ்சம் வழி தவறிவிட்டது, அவ்வளவுதான். "அப்பா, இருபத்தெட்டு வருஷம் நீங்க பனி தள்ளின ரோடு அது" என்கிறாள். "பனி இருந்தாத்தானேடி எனக்கு அடையாளம் தெரியும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நூறு மைல் தள்ளி கிரேட் ஃபால்ஸில் இருந்துகொண்டு என்னை மேய்க்கப் பார்க்கிறாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஞாபகத்தைச் சோதிக்கிறேன் என்று அந்த ஆள் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னான். என்ன வைத்தியமோ. மாத்திரை கொடுத்திருக்கிறான்.

நிலவறை மேசையின் விரிப்பை எடுத்தேன். தூசி தட்டத்தான். தோட்டாவை அழுத்தி மூடும் பிரஸின் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன், எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. கைக்கு அது மட்டும் மறக்கவில்லை.

சொல்ல மறந்தேனே, படிக்கட்டுக்கு அடியில் ஸ்கங்க் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. குட்டி போட்டிருக்கிறது. சுட மனசில்லை.

உன்
ஆரின்


லூயிஸ்டவுன்
11 அக்டோபர் 1997

டேய் டெல்மர்,

என்னடா இது, சொல்லாமல் கொள்ளாமல் ஐரிஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய்? காபிக்கடையில் உன் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? எனக்கு அப்படி நினைவில்லை. பேசியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

இருபத்தாறாம் தேதி வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வருடா வருடம் போல உனக்கு இருபது தோட்டா தயார். மாட்டு லாரி ஓட்டும் கர்ட்டிஸ் உங்கள் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீதான் நாலு தடவை சுட்ட பித்தளைக் கூடுகளையும் தூக்கிப்போடாமல் கொண்டுவந்து கொட்டுவாயே, அவற்றைத்தான் தேய்த்து நிரப்பியிருக்கிறேன். கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. ஒவ்வொன்றையும் மூன்று முறை தராசில் நிறுத்தேன்.

மர்லா வந்தால் மேசையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடுகிறாள். எதற்கென்று புரியவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டு நிலவறையில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பது குற்றமா? நிலவறைக்குப் பூட்டுப் போட்டாள். நான் பூட்டைக் கழற்றிவிட்டேன்.

இந்த வருடம் ஸ்னோயி மலைச்சரிவில் எல்க் மான்கள் நிறைய இறங்கியிருக்கின்றனவாம். சீக்கிரம் வந்து சேர். உன் வலது கண்ணுக்கும் என் தோட்டாவுக்கும் தப்பி எது போயிருக்கிறது?

உன்
ஆரின்


கூஸ் பே
16 நவம்பர் 1997

அன்புள்ள ஆரின்,

கர்ட்டிஸ் பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். மூடியில் உன் கையெழுத்தில் என் பெயரும் தேதியும். நன்றி.

நீ ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. ஐரிஸுக்குத் துணையாக வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் வந்தது என் தப்பு.

இந்த வருடம் அங்கே வர முடியவில்லை, அதனால் இங்கேயே மலைக்குப் போனேன். இரண்டாம் நாள் காலையில் மூடுபனி விலகும்போது ஓர் எல்க் ஓடையைத் தாண்டி நின்றது. உன் தோட்டா ஒன்றே ஒன்றுதான். நின்ற இடத்திலேயே மடிந்தது. கூட வந்தவர்கள், "யார் நிரப்பிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். பெருமையாக உன் பெயரைச் சொன்னேன்.

இப்போது ஓர் உதவி. முப்பது வருடமாக நீ கற்றுக்கொள் கற்றுக்கொள் என்றாய், நான் சோம்பேறித்தனமாக உன் கையையே எதிர்பார்த்திருந்தேன். இங்கே மழைக்காலம் முழுக்க எனக்குச் செய்ய வேலையில்லை. உன் பிரஸ், தராசு, அச்சுகள், இருக்கிற மருந்து எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்துவிடேன். புதிதாக வாங்கினால் உன்னுடையது போல வராது. மர்லாவிடம் பேசிவிட்டேன். அவள் கட்டி வைப்பாள், கர்ட்டிஸ் எடுத்து வருவான்.

வேறு யார் கேட்டாலும் நீ தரமாட்டாய் என்று தெரியும். நான் கேட்கிறேன், ஆரின்.

அன்புடன்
டெல்மர்


லூயிஸ்டவுன்
3 டிசம்பர் 1997

என் அருமை டெல்மர்,

ஒரே தோட்டாவா! அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. காபிக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டப்போகிறேன்.

கேட்டாயே ஒரு கேள்வி! உனக்கு இல்லாததா? எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. பிரஸைக் கழற்றும்போது நானே போல்ட்டுகளைத் தளர்த்தினேன். முப்பத்தாறு வருடம் இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது. மர்லா காகிதத்தில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள், அழுதுகொண்டே கட்டினாள்.

"ஏன்டி அழற? டெல்மருக்குத்தானே போகுது."

"தூசிப்பா. கண்ணுல விழுந்துடுச்சு."

நீ முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இது: மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பா மருந்துதான். வேலை முடிந்ததும் அதை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். நிரப்பிய கூடுகளை விளக்குக்குக் கீழே பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார். ரேடியோ வேண்டாம். மனசு எங்கேயாவது போனால் எழுந்துவிடு, மறுநாள் உட்கார். அவசரப்படுகிறவனுக்கு இது ஆகாது. இதில் தப்புச் செய்தால் கெடுவது நம் கண்ணோ கையோ மட்டுமில்லை, நம்மை நம்பி வாங்கிக்கொண்டு போகிறவனுடையதும்தான்.

சந்தேகம் எதுவானாலும் எழுது. எனக்கு இனி மத்தியானங்களில் வேலையில்லை.

உன்
ஆரின்


லூயிஸ்டவுன்
8 பிப்ரவரி 1998

டெல்மர்,

அந்த இருபது தோட்டாக்களையும் யாரும் சுட வேண்டாம். உன்னிடமே இருந்தால் உடனே ஷெரீப் அலுவலகத்தில் கொடுத்து அழிக்கச் சொல். அவற்றுக்குள் என்ன போட்டேன் என்று எனக்குத் தெரியாது. முதலில் இதை எழுதிவிட்டேன், இது மறந்துவிடக்கூடாது.

நேற்றுக் காலை காபிக்கடைக்கு மர்லா கூட்டிக்கொண்டு போனாள். உன் எல்க் கதையை எல்லோருக்கும் சொன்னேன். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு ஆள், முன்பு யாரோ சொல்லிக் கேட்டிருப்பான் போல, "அந்த ஒத்தைக்கண்ணு டெல்மரா? எந்தக் கண்ணால குறி பார்த்தாராம்?" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

வண்டியில் மர்லாவிடம் கேட்டேன். "நான்தானா?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பிறகு, "ஆமாப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. நாம் சுட்டுப் பழகப் போன சரளைக்குழி, சத்தம், உன் தொப்பி விழுந்த இடம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நீ "மெதுவா ஓட்டுடா, நான் சாகமாட்டேன்" என்று சொன்னது. என் மேசை எதற்காகப் போயிற்று என்பதும். நீ கற்றுக்கொள்ள ஒன்றும் கேட்கவில்லை. இன்னொருவன் கண்ணைக் காப்பாற்றக் கேட்டாய். என் மனம் நோகாமலும் கேட்டாய். மர்லா பூட்டுப் போட்டும் முடியாததை நீ ஒரு கடிதத்தில் முடித்துவிட்டாய். அப்படியொரு பொய்யை எனக்காக உட்கார்ந்து எழுத உனக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?

உன்னிடம் முன்பே மன்னிப்புக் கேட்டிருக்கிறேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தால் இது இரண்டாவது தடவை. கேட்கவில்லை என்றால், இவ்வளவு நாள் நீ எப்படிப் பொறுத்துக்கொண்டாய்?

ஒன்று கேட்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே. இன்று தெளிவாக இருக்கிறேன். இந்தத் தெளிவு நிலைக்காது என்று டாக்டர் சொன்னதும் நினைவிருக்கிறது. நீ பதில் எழுதி அது இங்கே வந்து சேரும்போது நான் எந்த ஆளாக இருப்பேனோ. அதைப் பிரித்துப் படித்தால், உன் கண்ணை நான் பறித்த செய்தி எனக்கு அன்றுதான் முதல் முறையாக வரும். மறுபடியும் வண்டிக்குள் போய் உட்காருவேன். இப்போது சாவியும் கிடையாது.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை. மர்லாவிடமும் இனி இதைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெரிந்திருக்க வேண்டியவன் நீ ஒருவன்தான்.

மழையைப் பற்றி எழுது. ஐரிஸ் சமையலைப் பற்றி எழுது. வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது.

இன்றைக்கு மட்டும் நினைவுள்ள
ஆரின்