மாட்டுக்குள் ரெண்டு பேர்

5 பிப்ரவரி 2006, ஞாயிறு

காலையில் இட்லிக் கொப்பரையை இறக்கும்போது மேனேஜர் திரௌபதியக்கா எல்லாரையும் கூப்பிட்டார். மாதக் கடைசியில் வேஷ மாரத்தானாம். முந்திரித்தோப்பு, பனந்தோப்பு வழியாக மரக்காணம் உப்பளம் வரை. வேஷம் இல்லாமல் ஓடக்கூடாது. வழியெல்லாம் பதநீர் தருவார்கள். கெஸ்ட் ஹவுஸ் வெள்ளைக்காரர்களோடு நாங்களும் ஓட வேண்டும். மாரத்தான் என்று பேர்தான், பன்னிரண்டு கிலோமீட்டர். சமையல்கட்டிலிருந்து நான் பேர் கொடுத்தேன். தொப்பை குறையட்டும்.

9 பிப்ரவரி

எனக்கும் தோட்டக்கார ஐயப்பனுக்கும் சேர்த்து ஒரு காளை வேஷம். நான் முன்னங்கால், அவன் பின்னங்கால்.

20 பிப்ரவரி

ஐயப்பனுக்கு அம்மை போட்டிருக்கிறது. அவனுக்குப் பதிலாக அக்கா டிரைவர் மோகனைப் போட்டுவிட்டார்.

"அவன்கூட நான் பேசறதில்லக்கா."

"பேசவா சொன்னேன்? ஓடத்தான சொன்னேன்."

மோகன் என் தங்கச்சி அம்சவல்லியோட புருஷன். அவ மூளைக்காய்ச்சலில் போனது 2004 ஐப்பசி. வருஷம் திரும்பறதுக்குள்ள கொளஞ்சின்னு ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். பத்திரிகை வைக்க வந்தப்ப கதவைச் சாத்தினேன். அன்னையிலேர்ந்து ஒரே இடத்துல வேலை, ஒரு வார்த்தை கிடையாது. இப்ப ஒரே துணிக்குள்ள எப்படிப் போவேன்?

23 பிப்ரவரி

ஓடிப் பார்த்தோம். ரெண்டு தடவை என் குதிகாலை மிதித்தான். வலது, இடது என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

26 பிப்ரவரி, ஞாயிறு

ஓடியாச்சு. கால் வீங்கியிருக்கிறது.

உள்ளே ஒரே புழுக்கம். பின்னால் இருப்பவனுக்கு எதுவும் தெரியாது, என் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். பள்ளம், மேடு, வேர் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். முந்திரித்தோப்பில் கட்டியிருந்த நிஜ மாடு எங்களைப் பார்த்து மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. பின்னால் மோகன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பனந்தோப்பு மணலில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் நில்லுங்க மச்சான்" என்றான். நின்றேன். துணிக்குள்ளிருந்தே பேசினான்.

"சோறு தண்ணி இல்லாம கெடந்தேன். அத்தைதான் வந்து, இன்னொருத்தியக் கட்டிக்கோ, இப்படியே கெடந்தா நீயும் செத்துடுவேன்னாங்க. பொண்ணு பார்த்ததே அவங்கதான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க."

அவன் அத்தைன்னு சொன்னது என் அம்மாவை.

திரும்ப முடியாது. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான். "மேடு வருது, பார்த்து வா" என்றேன்.

உப்பளக் கரையில் கடைசிப் பந்தல். மாட்டு முகத்தைத் தூக்கி ஒரு கை பதநீர்ச் சொம்பை நீட்டியது. "குடிங்கண்ணே." கொளஞ்சி. ஐந்து மாசம் இருக்கும், வயிறு தெரிந்தது. குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டேன்.

27 பிப்ரவரி

அம்மாவைக் கேட்டேன். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "ஆமாண்டா. பொண்ணுதான் போயிட்டா, அவனும் போவணுமா? நீ குதிப்பேன்னு தெரியும். அதான் சொல்லல."

பெத்தவளுக்கு இருந்த மனசு எனக்கு ஏன் இல்லாமப் போச்சு? அவளைவிடவா நான் தங்கச்சிமேல—

சாப்பிடாமல் படுத்தேன். அப்புறம் எழுந்து சாப்பிட்டேன்.

14 மார்ச்

மோகன் வண்டியில் மரக்காணம் சந்தைக்குப் போய் வந்தேன். மழை, மீன் விலை பற்றிப் பேசினோம்.

10 டிசம்பர் 2006, ஞாயிறு

மயிலத்தில் மோகன் குழந்தைக்குக் காதுகுத்து. கொளஞ்சிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாய்மாமன் மடி யாருது என்று ஆசாரி கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

முதல் காதுக்குச் சும்மா இருந்தவள் ரெண்டாவது காதுக்கு வீல் என்று கத்தி, என் மடியெல்லாம் நனைத்துவிட்டாள்.

"வேட்டி வேற இருக்குது மச்சான், மாத்திக்கோங்க" என்றான் மோகன்.

"இருக்கட்டும்ப்பா, தூங்கிட்டா" என்றேன்.