மருமகளுக்காக ஒரு சத்தியம்

மோசெல் ஆற்றங்கரை மாளிகை,
திராட்சை பறித்து முடிந்த வாரம்.

அன்பு மருமகள் ரோத்லிந்துக்கு, உன் கணவன் குந்தரின் சித்தப்பன் வுல்ஃபார்ட் எழுதுவது. கணவன் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அழிக்கலாம் என்று இந்தத் தோல் ஏட்டைச் சுரண்டினால் ஓட்டை விழும், அப்படியே இருக்கட்டும்.

நம் பாதிரியார் எழுதித் தருகிறேன் என்றார். துறவிகளிடம் இரண்டு குளிர்காலம் படித்தவன் நான், இன்னொன்று இருந்திருந்தால் மடாதிபதியே ஆகியிருப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கண்ணில் படக் கூடாத கடிதம் இது, நீ மட்டும் படி. அங்கே கன்னியர் மடத்துத் தலைவியிடம் காட்டாதே.

உன் மகள் இம்மா நலம். முன்பல் ஒன்று விழுந்தது. கரடியோடு சண்டை போட்டதில் விழுந்ததாகச் சொல்லித் திரிகிறாள். யாரிடம் கற்றாளோ தெரியவில்லை. குந்தர் போர்க்களத்திலிருந்து பிடித்து அனுப்பினானே, அந்தச் சாக்சன் பெண்தான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே வாருகிறாள். குந்தருக்கு அவளிடம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனாலும் வீட்டுத் தலைவிக்கு உரிய உன் சாவிக்கொத்தைக் குந்தர் அவளிடம் கொடுக்கவில்லை. அது தூணில் தொங்குகிறது.

குந்தர் போரிலிருந்து திரும்பியதும் நேராக ஆயரிடம் போய், உன்னைத் திருப்பித் தரச் சொன்னான். விசாரணைக்கு ஊரே கூடியது. ஆயிரம் பேர் இருப்பார்கள், குதிரைகளையும் சேர்த்தால்.

குந்தர் போரில் இருந்தபோது, இம்மாவின் உறுதிபூசுதல் சடங்கு நாளில் நடந்ததை எல்லோரும் மறுபடி சொன்னார்கள். ஞானத்தாயாக வரவேண்டிய எர்மென்கார்ட் சீமாட்டி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டது, இம்மாவை நீயே தூக்கிக்கொண்டு ஆயர் முன்னால் நின்றது, "பெத்தவளே ஞானத்தாயா நிக்கிறதா?" என்று உதவிக்குரு பதறியது, "எம் புள்ளைய நான் தூக்காம யாரு தூக்குவா?" என்று நீ கேட்டது, அதற்குள் கண் மங்கிய ஆயர் தைலம் பூசிவிட்டது, எல்லாம். பெற்ற பிள்ளைக்கே ஞானத்தாய் ஆனவள் தன் கணவனுக்கு ஞான உறவாகிவிடுகிறாள், அதன்பின் இருவரும் சேர்ந்து வாழ்வது பாவம். இது உனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அன்று ஊரே உச்சுக்கொட்டியது.

மடத்துக்குக் கிளம்பும்போது குதிரை லாயத்தில் நீ என்னிடம் சொன்னது ஊருக்குத் தெரியாது. "தெரிஞ்சுதான் தூக்கினேன் மாமா. அவரு நெனச்சா என்னத் தள்ளி வச்சிரலாம். எனக்கு வேற என்ன வழி இருக்கு? சாக்சன்காரிய அனுப்பிவச்சு, 'நல்ல எடத்துல வை'ன்னு ஆள்கிட்ட சொல்லி விட்டாரே, என் எடத்தையே குடுத்துட்டேன்." இம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு சேணத்தின் வாரை இழுத்துக் கட்டினாய்.

ஆயர் தீர்ப்பைத் தெளிவாகச் சொன்னார். தெரியாமல் செய்திருந்தால் பிரிவுதான். தெரிந்தே செய்திருந்தால் தவம் விதித்துக் கணவனிடமே திருப்பி அனுப்புவது. "அவ தெரியாமச் செய்யிற ஆளில்ல சாமி" என்றான் குந்தர். உன்னோடு கடைசியாகப் பேசியவர் யார் என்று கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"எங்க சித்தப்பா சொல்றதுல முக்காவாசிய கழிச்சிரணும் சாமி" என்று குந்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "அப்போ புனிதரோட எலும்புப் பேழை மேல கை வச்சுச் சொல்லட்டும்" என்றார் ஆயர். சிரிப்பு நின்றது.

என்னைத் தெரியும் உனக்கு. ஒரு முயல் பிடித்ததைச் சொன்னாலும் ஓநாய், பனி, வழிதவறிய இளவரசன் எல்லாம் வந்துவிடும். அன்று எதுவும் வரவில்லை. கையை வைத்தேன். "அவளுக்குத் தெரியாது" என்றேன். அவ்வளவுதான். அத்தனை பேரும் நம்பினார்கள். நான் சொல்லி ஊர் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.

திரும்பும் வழியில் குந்தர் குதிரையை என் பக்கம் ஒட்டி வந்தான். "அப்போ என்ன விட்டுப் போகணும்னு அவ நெனைக்கவே இல்லையா சித்தப்பா?" என்று கேட்டான். இல்லையப்பா என்றேன். பாலம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். அவன் அப்பன் செத்தபோதுகூட அழாதவன். தன்னைப் போலவே நீயும் அங்கே ஏங்கிக்கிடப்பதாக இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பில் கொஞ்சம் சாப்பிடுகிறான். சாக்சன் பெண் இருக்கும் பக்கம் போவதில்லை. இதையெல்லாம் உன் மனசை மாற்ற எழுதவில்லை. ஆனால் இந்தப் புத்தி போன வருஷமே வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆறவேயில்லை.

மார்ட்டின் திருநாளுக்கு இம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறான். கம்பிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பேச மடத்துத் தலைவி அனுமதித்திருக்கிறாராம். பிள்ளையை ஆசைதீரப் பார்த்துக்கொள். அவன் அந்தக் கேள்வியை உன்னிடமும் கேட்பான், கட்டாயம் கேட்பான். தெரியாமல்தான் தூக்கினேன் என்று சொல்லிவிடு, மகளே. கன்னியர் மடத்தில் இருந்துகொண்டு பொய் சொல்லச் சொல்கிறேன், புரிகிறது. உண்மை தெரிந்தால் ஆயர் உன்னை இழுத்துவரச் சொல்வார். நீ வேண்டுமென்றே விட்டுப் போனாய் என்று தெரிந்தால் அவனும் இடிந்துபோவான், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டான்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். ஜெபம் செய்யும்போது எனக்காகவும் ஒரு வார்த்தை சொல். பெயரை மட்டும் மெதுவாகச் சொல், அந்தப் புனிதர் காதில் விழுந்துவிடப் போகிறது.

உன் மாமன்,
வுல்ஃபார்ட்